குரோமியம் 3ஆ 6ஆ? ஆக்சிஜனேற்ற எண் குழப்பம், யாராச்சும் சொல்லுங்க

பேர்ணாம்பட்டு_பிளஸ்ஒன்:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் பயோ மேத்ஸ் படிக்கிறேன். கெமிஸ்ட்ரி முதல் பாடத்துலயே ஆக்சிஜனேற்ற எண் (சேர்மத்துல ஒரு அணு எத்தனை எலக்ட்ரான் குடுத்துச்சு, வாங்குச்சுன்னு காட்டுற எண்) வருது, ரூல் எல்லாம் கடகடன்னு ஒப்பிப்பேன், ஆனா குரோமியம் வந்தா மட்டும் தலை சுத்துது. எங்கப்பா தோல் பதப்படுத்துற ஷாப்ல டிரம்முல வேலை செய்றாரு, அங்க போடுற பச்சை பவுடர் குரோமியம் 3 தான் ஒண்ணும் ஆகாதுன்றாரு. ராணிப்பேட்டை சிப்காட்ல மூடிக் கிடக்குற குரோமேட் ஃபேக்டரி கழிவு பத்தி நியூஸ் வந்தா குரோமியம் 6, விஷம், கேன்சர்ன்றாங்க. ரெண்டும் ஒரே தனிமம் தானே? இன்னொண்ணு, கைடுல குரோமியம் பெராக்சைடுன்னு ஒண்ணு கீது, ஒரு குரோமியம் அஞ்சு ஆக்சிஜன். நான் போட்டா +10 வருது, விடை +6ன்னு போட்டிருக்கான். பிரிண்ட் மிஸ்டேக்கா? அப்புறம் பேர் எழுதும்போது ரோமன் நம்பர் எங்க போடணும் எங்க போடக்கூடாது, அதையும் சொல்லுங்க ப்ளீஸ்.

குடியாத்தம்_டியூஷன்:
கைடு கரெக்ட் தான் தம்பி. பேர்லயே பெராக்சைடுன்னு இருக்கே, அப்பறம் எல்லா ஆக்சிஜனுக்கும் −2 எப்படி போடுவ? அதுல நாலு ஆக்சிஜன் ரெண்டு ரெண்டா ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சிருக்கு, அந்த நாலுக்கும் −1, மிச்சம் ஒண்ணுக்கு மட்டும் −2. மொத்தம் −6, அப்ப குரோமியம் +6. கோச்சிங் கிளாஸ்ல பட்டாம்பூச்சி அமைப்புன்னு படம் போடுவாங்க பாரு, அது தான். கணக்கு போடாமலே கூட +10 தப்புன்னு சொல்லிடலாம், ஏன்னா குரோமியத்துக்கு வெளில 3டி-ல 5, 4எஸ்-ல 1, ஆக 6 எலக்ட்ரான் தான், இல்லாத எலக்ட்ரானை எங்க இருந்து குடுக்கும்.

சாதாரண கேஸ் ஒண்ணு போட்டுப் பாரு, பொட்டாசியம் டைகுரோமேட். பொட்டாசியம் 2, குரோமியம் 2, ஆக்சிஜன் 7. குரோமியத்தோட எண்ணை எக்ஸ்னு வெச்சுக்கோ.
2 × (+1) + 2எக்ஸ் + 7 × (−2) = 0, எக்ஸ் = +6.
மஞ்சளா இருக்குற குரோமேட்லயும் +6 தான், ஆரஞ்சா இருக்குற டைகுரோமேட்லயும் +6 தான். கலர் மாறிச்சுன்னு எண்ணும் மாறிடும்னு நினைச்சுக்காத, நிறைய பசங்க அதுல மார்க் விடுறாங்க.

வாலாஜா_லேப்காரன்:
நான் ஃபினிஷ்டு லெதர் டெஸ்டிங்ல இருக்கேன், அப்பா சொன்னது முக்கால்வாசி கரெக்ட். டிரம்முல போடுற பவுடர் பேஸிக் குரோமியம் சல்ஃபேட், அதுல குரோமியம் +3. ஹைட்ராக்சைடுக்கு −1, சல்ஃபேட்டுக்கு −2, சேர்த்தா −3, முடிஞ்சது. தோல் வெட் ப்ளூவா, அதாவது பதப்படுத்தின ஈரத் தோலா, நீலமா வெளிய வர்றதுக்கும் அது தான் காரணம். ஆனா அந்தப் பவுடரே சோடியம் டைகுரோமேட்ல இருந்து தான் தயாராவுது, ஆசிட்ல வெல்லப்பாகு போட்டோ சல்ஃபர் டைஆக்சைடு விட்டோ 6-ஐ 3-க்கு இறக்குறாங்க. சிப்காட் கழிவுல இருக்குறது அப்படி இறங்காத 6.

ஒரே தனிமம் தான், ஆனா உடம்புக்குள்ள போற வழி வேற. குரோமேட் அயனி பாக்க சல்ஃபேட் மாதிரியே இருக்கறதால செல்லு அதை சல்ஃபேட்டுனு நினைச்சு உள்ள விட்டுடுது, 3 அவ்ளோ சுலபமா நுழையாது. அதுக்காக ஒண்ணும் ஆகாதுன்னு வெறுங்கையால அள்ளக் கூடாது, அப்பாவை கிளவுஸ் போடச் சொல்லு, பாலாத்துல கலந்தாலும் கெடுதல் தான். இன்னொரு கூத்து, 3 போட்டுப் பதப்படுத்தின தோல்லயே சூடு, எண்ணெய், பிஎச் எல்லாம் சரியில்லன்னா கொஞ்சம் 6 ஆயிடும். ஐரோப்பாக்காரன் 2015-ல இருந்து தோல் பொருள்ல கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குள்ள தான் 6 இருக்கணும்னு வெச்சிருக்கான், எங்க லேப்ல பாதி பொழுது அதுலயே போவுது. டைஃபினைல் கார்பசைடு ஊத்துவோம், 6 இருந்தா ஊதா கலர் வந்துடும்.

காட்பாடி_கெமிஸ்ட்ரி:
பேர் விஷயம் யாரும் தொடலையே. எந்த உலோகத்துக்கு ஒண்ணுக்கு மேல எண் வருமோ அதுக்குத் தான் ரோமன். இரும்பு, காப்பர், குரோமியம், மாங்கனீஸ், இதுக்கெல்லாம் போடு. இரும்பு(ரோமன் இரண்டு) குளோரைடு, இரும்பு(ரோமன் மூன்று) குளோரைடுன்னு. இங்க டைப் பண்ண வசதிக்கு இப்படிப் போட்டேன், பரீட்சையில ரோமன் எழுத்தே எழுது. சோடியம், கால்சியம், அலுமினியத்துக்கு வேணாம், அதுங்க சேர்மத்துல ஒரே எண் தான். ரெண்டும் அலோகமா இருந்தா பொதுவா டை, ட்ரை, பென்டான்னு எண்ணிச் சொல்லிடுவோம், டைநைட்ரஜன் பென்டாக்சைடு மாதிரி.

"ஏட்"னு முடிஞ்சா +6ன்னு யாரோ யூடியூப்ல சொன்னாங்கன்னு என் ஸ்டூடன்ட் ஒருத்தி வந்து நின்னா. நம்பாதீங்க. சல்ஃபேட்ல +6, நைட்ரேட்ல +5, குளோரேட்ல +5, மாங்கனேட்ல +6, பெர்மாங்கனேட்ல +7. சல்ஃபைட்டை விட சல்ஃபேட்ல அதிகம், அவ்ளோ தான் அந்த "ஏட்" சொல்லும், எவ்ளோன்னு சொல்லாது.

பேர்ணாம்பட்டு_பிளஸ்ஒன்:
ரொம்ப தேங்க்ஸ். லேப் அண்ணா, அந்த சல்ஃபர் டைஆக்சைடு விடுற சமன்பாட்டைப் போட்டுப் பாத்தேன். ஒரு சோடியம் டைகுரோமேட், மூணு சல்ஃபர் டைஆக்சைடு, ஒரு தண்ணி சேந்து ரெண்டு பேஸிக் குரோமியம் சல்ஃபேட், ஒரு சோடியம் சல்ஃபேட். சல்ஃபர் 4-ல இருந்து 6, மூணு சல்ஃபருக்கு 6 எலக்ட்ரான் போவுது, குரோமியம் ரெண்டும் ஆளுக்கு 3 வாங்குது. சரியா?

வாலாஜா_லேப்காரன்:
சரி. ஆக்சிஜனையும் எண்ணிக்கோ, ரெண்டு பக்கமும் 14 வரும்.

குடியாத்தம்_டியூஷன்:
ஒண்ணு மட்டும் பாத்துக்கோ தம்பி, ஆக்சிஜனேற்ற எண்ணுக்கு குறி முன்னாடி, +6. அயனியோட சார்ஜுக்கு எண் முன்னாடி, 3+. ரோமன் எழுதுனா பிளஸ் குறியே வேணாம்.