பழைய டிராக்டரில் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை: கோளாறு எங்கே?

கேள்வி:
என் தந்தையார் காலத்து டிராக்டரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் 12 வோல்ட் டைனமோவும், அதைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் தனியான கட்-அவுட் பெட்டியும் உள்ளன. இரண்டு ஆண்டுகள் கொட்டகையிலேயே நின்ற வண்டிக்குப் புதிய பேட்டரி மாட்டி, இந்தப் போகத்துக்குத் தொழி உழ இறக்கினேன். இன்ஜினை எவ்வளவு முறுக்கினாலும் ஆம்பியர் மீட்டரின் முள் சார்ஜ் பக்கம் திரும்புவதில்லை. பெல்ட் இறுக்கமாகவே இருக்கிறது. டைனமோவுக்குப் பதில் இக்கால வண்டிகளில் உள்ள ஆல்டர்னேட்டரை மாட்டிவிடும்படி பட்டறையில் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. பழுது டைனமோவிலா, கட்-அவுட்டிலா என்பதை வண்டியில் வைத்தபடியே அறிய முடியுமா?

மறுமொழி 1:
முடியும் ஐயா. டைனமோவில் பெரிய முனை 'டி' (மின்சாரம் வெளிவரும் முனை), சிறியது 'எஃப்' (ஃபீல்டு காயிலின் முனை). இரண்டின் வயர்களையும் கழற்றிவிட்டு, அம்முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து, அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடம்புக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைத்து, இன்ஜின் வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். முள் தயங்காமல் 15 வோல்ட்டைத் தாண்டினால் டைனமோ நலம். கட்-அவுட்டையும் வயர்களையும் பாருங்கள். இச்சோதனையில் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லாததால் 20 வோல்ட்டுக்கு மேல் ஏற விடக்கூடாது. முள் ஒரு வோல்ட்டுக்குள் நின்றால் ஃபீல்டு காயிலையும் (காந்தப்புலம் தரும் நிலையான சுருள்), நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரையும் (உள்ளே சுழலும் சுருள்) சந்தேகிக்கலாம்.

மறுமொழி 2:
ஃபீல்டு காயில் போய்விட்டது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். நெடுநாள் நின்ற டைனமோவில் எஞ்சியிருக்கும் காந்தம் மங்கிவிடுவதுண்டு. அது இல்லாமல் மின்சாரம் பிறக்காது. முதலில் பேட்டரியின் எந்த முனை எர்த், அதாவது வண்டியின் உடம்போடு இணைந்தது, என்று பாருங்கள், ஏனெனில் பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பிறகு, இன்ஜினை நிறுத்தி, இரு வயர்களும் கழன்றிருக்கும்போதே, எர்த் அல்லாத பேட்டரி முனையிலிருந்து ஒரு வயரை 'எஃப்' முனையில் ஓரிரு நொடி தொட்டு எடுங்கள்; காந்தம் மீண்டும் ஏறும்.

கேட்டவர்:
முதல் சோதனையில் அரை வோல்ட்தான் வந்தது. காந்தம் ஏற்றியும் மாறாததால் பின்மூடியைக் கழற்றினேன். ஒரு கார்பன் (மின்சாரத்தை எடுக்கும் கரித்துண்டு), தூசியும் எண்ணெயும் சேர்ந்து இறுகி, ஹோல்டருக்குள்ளேயே சிக்கிக் கம்யூட்டேட்டரை (ஆர்மேச்சரின் முனையில் சுழலும் செம்புப் பகுதி) தொடாமல் நின்றது. கம்யூட்டேட்டர் கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. பெட்ரோல் நனைத்த துணியால் இரண்டையும் துடைத்து, கார்பன் தடையின்றி ஏறி இறங்கும்படி செய்து பூட்டினேன். இப்போது 17 வோல்ட் வருகிறது. ஆனால் ஐடிலிங்கில் ஹெட்லைட் போட்டால் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்கிறதே?

மறுமொழி 1:
அது பழுதன்று. மெதுவாகச் சுற்றும்போது டைனமோவின் மின்னழுத்தம் பேட்டரியுடையதைவிடக் குறைவு. கட்-அவுட் இணைப்பைத் துண்டிப்பதால் விளக்கு பேட்டரியிலிருந்தே எரிகிறது. வேகம் கூட்டியதும் முள் திரும்பினால் போதும். கம்யூட்டேட்டரில் கறுப்பு இன்னும் மிச்சமிருந்தால் மெல்லிய கண்ணாடித்தாளால் தேயுங்கள்; எமரி தாளின் துகள் செம்பில் பதிந்து கார்பனை அரித்துவிடும்.