கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு என்ன நொறுக்கு கொடுக்கலாம்?

வணக்கம். எங்கள் சிங்கப்பூர் ஸ்பெஷல் (இந்த ஊர்க் கலப்பின நாய்) 14 கிலோ, கருத்தடை செய்தது. பாதத்தை நக்கி நக்கி விரலிடுக்கெல்லாம் சிவந்து கிடக்கிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது. கோழி ஒவ்வாமையா என்று அறிய, 8 வாரம் ஒரே புரதம், அதுவும் இதுவரை தின்றிராத இறைச்சி மட்டுமே என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நடுவில் ஒரு துண்டு கோழி உள்ளே போனாலும் சோதனை கெட்டுவிடும்.

சாப்பாட்டுக்குக் கங்காரு என்று முடிவாகிவிட்டது. நொறுக்குதான் சிக்கல். முகப்பில் 'சால்மன்' என்று பெரிதாகப் போட்ட பாக்கெட்டைத் திருப்பினால், பொடி எழுத்தில் கோழி ஈரல், கோழி மாவு! சுவையூட்டிய இதயப்புழுத் தடுப்பு மாத்திரையிலும் மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ இருக்கலாம். அதற்குப் பதில் தோலில் விடும் சொட்டு மருந்தை மருத்துவரிடம் கேட்கப் போகிறோம்.

நாளுக்குச் சுமார் 800 கலோரி தேவை. நொறுக்கு அதில் 80-ஐத் தாண்டக்கூடாது.

உப்பு, கிளிசரின் எதுவும் சேராத, கங்காரு மட்டுமே உள்ள உலர் துண்டு இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? வீட்டிலேயே செய்பவர்கள் சொல்லுங்கள்: உள்வெப்பம் 71 டிகிரி வரும்வரை ஓவனில் வேகவைத்து, பிறகு உலர்த்தலாம் என்று எண்ணம். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைக்கிறீர்கள்? ஃப்ரீசரில்தானா?