லாபத்தில் பங்கு கொடுத்தால் கூட்டுறவு ஆகிவிடுமா?

உளிமுனை:
உதிரி பாகம் செய்யும் பட்டறை ஒன்றை நானும் ஒரு கூட்டாளியும் நடத்துகிறோம். அவர் விலகப் போகிறார். அவர் பங்கை வேலை செய்கிறவர்களே வாங்கிக்கொண்டு, வருஷ லாபத்தைப் பிரித்துக்கொண்டால் என்ன என்று பேச்சை எடுத்தேன். ஃபோர்மேன் உடனே, "நஷ்டம் வந்தா என் கைக்காசு போகுமா?" என்றார். என்ன பதில் சொல்வது? பெரிய ஆலை, அரசாங்கம் வரைக்கும் இதே முறையில் நடத்தலாம் என்கிறார்களே, அது ஆகிற காரியமா?

வெட்டுக்கிளி:
போனஸைக் கொடுத்துட்டு நிம்மதியா இருங்க. ஆளாளுக்கு நாட்டாமை பண்ணினா ஆர்டர் கைவிட்டுப் போயிடும்.

பேரேடு:
உளிமுனை சார், உங்கள் ஃபோர்மேன் கெட்டிக்காரர். கூட்டுறவுகளுக்குத் தணிக்கை செய்வது என் பிழைப்பு. அதனால் கணக்குப் பக்கமிருந்தே சொல்கிறேன்.

போனஸ் தரும் முதலாளி நல்லவராகவே இருக்கட்டும். லாபம் எவ்வளவு என்று எழுதுகிறவரும் அவர்தானே? அவருடைய புது கார் செலவுக் கணக்கில் ஏறினால் லாபம் இளைத்துவிடும். கூட்டுறவில் கணக்கை உறுப்பினர் எல்லோரும் கூடும் பேரவை முன் வைத்தாக வேண்டும், ஆளுக்கு ஒரு ஓட்டு. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் கூட்டுறவுக் கடை திறந்தவர்கள், போட்ட முதலுக்கு அளவான வட்டி, மிச்சம் அவரவர் வாங்கிய சரக்குக்கு ஏற்ப என்று வைத்தார்கள். ஆலையில் அது செய்த வேலைக்கு ஏற்ப என்று மாறும்.

நஷ்டத்துக்கு ஸ்பெயினின் மோன்ட்ராகோன் என்ற கூட்டுறவுக் குழுமத்தைப் பாருங்கள். ஒரு பாதிரியாரின் மாணவர்கள் 1956இல் தொடங்கியது. உறுப்பினராகிறவர் முதல் கட்ட வேண்டும். வருஷ உபரியில் ஒரு பகுதி யாரும் பிரித்தெடுக்க முடியாத காப்பு நிதிக்கும், இன்னொன்று கல்வி, சமூகப் பணிக்கும் போகும். மீதி ரொக்கமாகக் கைக்கு வராது. அவரவர் பெயரிலுள்ள மூலதனக் கணக்கில் ஏறும், விலகும்போதுதான் கிடைக்கும். நஷ்டம் கழிவதும் அதே கணக்கில்தான். அங்கே வீட்டு உபயோகச் சாதனங்கள் செய்த ஃபாகோர் 2013இல் நொடித்தபோது உறுப்பினர்களின் அந்தச் சேமிப்பு போயிற்று. ஆனால் அவர்களில் நிறையப் பேரை மற்ற கூட்டுறவுகள் வேலைக்கு எடுத்துக்கொண்டன.

ஆக, ஃபோர்மேனிடம் இப்படிச் சொல்லுங்கள்: போட்ட முதல் போகலாம். வரையறுத்த பொறுப்போடு பதிவு செய்து, வங்கிக் கடனுக்குத் தனி ஜாமீன் கையெழுத்தும் போடாதவரை வீட்டுப் பத்திரம் போகாது. அந்தக் கையெழுத்து விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்.

அப்புறம் அரசாங்கம். வரிப்பணம் மிஞ்சினால் அதை லாபம் என்று நான் எழுத மாட்டேன். செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதாலும் மிஞ்சியிருக்கலாம். பொதுச் சொத்தின் வருமானம் வேறு. அமெரிக்காவின் அலாஸ்காவில் எண்ணெய் வருவாயைக் கொண்டு 1976இல் ஒரு நிதியம் அமைத்தார்கள். 1982இல் முதல் தடவையாக ஆளுக்கு 1000 டாலர் பங்கு கொடுத்தார்கள். எண்ணெய் இல்லாத இடத்தில் எதைப் பிரிப்பது? பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989இல் வேறு வழியில் போனது: நகரின் முதலீட்டுச் செலவில் எதற்கு முன்னுரிமை என்பதைப் பேட்டைக் கூட்டங்களில் மக்களே பேசி முடிவு செய்தார்கள். அரசுக்கு ஒத்துவருவது இதுதான் என்பது என் கட்சி.

மூணாம்ஷிப்ட்:
பேரேடு அண்ணா ஒன்றை விட்டுவிட்டார். மோன்ட்ராகோனின் வெளிநாட்டு ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் உறுப்பினர்கள் இல்லை, சம்பளக்காரர்கள்தான். நீங்களும் நாளைக்கு ஆர்டர் கூடினால் கான்ட்ராக்ட் ஆள் எடுப்பீர்கள். இத்தனை மாதம் வேலை செய்தால் உறுப்பினர் என்று இப்போதே விதியில் எழுதிவிடுங்கள்.

உளிமுனை:
சரி. ஆனால் புதிதாகச் சேர்கிற பையன் முதலுக்கு எங்கே போவான்?

பேரேடு:
மாதச் சம்பளத்தில் தவணையாகப் பிடிக்கலாம், மோன்ட்ராகோனிலும் அந்த வழக்கம் உண்டு. ஓட்டு மட்டும் சேர்ந்த அன்றே கொடுத்துவிடுங்கள், தவணை முடியட்டும் என்று நிறுத்தி வைக்காதீர்கள்.