எம்பிஏ + தகவல் அமைப்பு எம்எஸ்: அமெரிக்காவில் டூயல் டிகிரியா, சிங்கப்பூரிலேயே ஒவ்வொன்றாகவா?

ஜூரோங்வாசி:

வணக்கம். பி.காம் படித்தவன். இங்கே லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் 6 வருடமாக பிசினஸ் அனலிஸ்ட். வயது 31, சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசி), இந்திய பாஸ்போர்ட். கிடங்கு சாஃப்ட்வேர் மாற்றும் புராஜெக்டுகளில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக் கொடுப்பதுதான் வேலை. கோடிங் தெரியாது. டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் எஸ்கியூஎல் மொழியில், இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் வரை வரும்.

அடுத்து ஐடி மேனேஜர் அல்லது புராடக்ட் மேனேஜர் பக்கம் போகவேண்டும். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் எம்பிஏவையும் தகவல் அமைப்பு எம்எஸ்ஸையும் சேர்த்து இரண்டு, இரண்டரை வருடத்தில் தருகின்றன. இல்லாவிட்டால் வேலையை விடாமல் இங்கேயே பார்ட்-டைமாக ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். டூயலில் கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) மிச்சமாகும் என்கிறார்களே, அது எப்படி? பிஆருக்கு ஏதாவது சிக்கல் வருமா? இங்கே படித்தால் எதை முதலில் எடுப்பது?

கிரெடிட்_கணக்கன்:

மிச்சம் உண்மைதான். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

ஒரு கணக்குக்காக எம்பிஏ 60 கிரெடிட், எம்எஸ் 33 என்று வையுங்கள். தனித்தனியாகப் படித்தால் 93. டூயலில் 75க்கு முடிகிறது என்றால் 18 கிரெடிட், அதாவது 3 கிரெடிட் பாடங்களில் ஆறு குறைகிறது. எம்பிஏவின் நிதி, மார்க்கெட்டிங் பாடங்களை எம்எஸ்ஸின் விருப்பப் பாடமாகவும், எம்எஸ்ஸின் டேட்டாபேஸ், சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் பாடங்களை எம்பிஏவின் விருப்பப் பாடமாகவும் கணக்கில் எடுப்பதால் வரும் குறைவு இது. கட்டாயப் பாடம் எதுவும் குறையாது. விருப்பப் பாடத்துக்கான இடம்தான் காலியாகும். புராடக்ட் மேனேஜ்மென்ட், சப்ளை செயின் என்று ஆசைப்பட்டுப் போகிறவர்கள் அங்கே போனபிறகு கவனிப்பது இதைத்தான்: தாமாகத் தேர்ந்தெடுக்க இரண்டு மூன்று பாடங்களே மிஞ்சும்.

சேருவதற்கு முன் அட்மிஷன் ஆபீசிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கவேண்டியவை:

எந்தெந்தப் பாடம் இரண்டு பக்கமும் கணக்காகும், அதற்குக் குறைந்தபட்ச கிரேடு என்ன. பாஸ் ஆனாலும் கிரேடு போதாமல் ஒரு பட்டத்தில் எண்ணாமல் விடும் இடங்கள் உண்டு.

பாதியில் ஒரு பட்டத்தை விட்டால் பகிர்ந்த கிரெடிட் என்ன ஆகும். பெரும்பாலும் சலுகை போய்விடும், மற்ற பட்டத்துக்கான முழு கிரெடிட்டையும் நிரப்பவேண்டியிருக்கும்.

ஸ்காலர்ஷிப் எத்தனை செமஸ்டருக்கு. எம்பிஏ ஸ்காலர்ஷிப் நான்கு செமஸ்டரோடு நின்று, ஐந்தாவதற்கு முழு ஃபீஸ் விழுந்தால் மிச்சம் பார்த்த பணமெல்லாம் அங்கேயே போய்விடும்.

விசா விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இரண்டும் முதுநிலை என்பதால் ஓபிடி, அதாவது படிப்பு சார்ந்து அமெரிக்காவில் வேலை செய்யும் அனுமதி, ஒரே ஒரு 12 மாதம்தான், பட்டத்துக்கு ஒன்று கிடையாது. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பான 24 மாதம், பட்டம் எந்தத் துறை என்று குறிக்கும் சிஐபி கோடைப் பொறுத்தது. 11.0401 என்ற தகவல் அறிவியல் கோடு ஸ்டெம் பட்டியலில் இருக்கிறது. 52.1201 என்ற மேலாண்மைத் தகவல் அமைப்பு கோடு அதில் இல்லை. பட்டத்தின் பெயர் ஒன்றாகவே இருக்கும், கோடு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் எம்எஸ் இரண்டாவது மேஜராகவாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்ன்ஷிப்புக்காக முழுநேர சிபிடியை (படிக்கும்போதே வேலை செய்யும் அனுமதி) 12 மாதமோ அதற்கு மேலோ எடுத்தால் முதுநிலைக்கு ஓபிடியே கிடையாது.

செங்காங்_செல்வி:

அமெரிக்கக் கணக்கை மேலே சொல்லிவிட்டார். நான் இந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

பிஆர் வெளிநாடு போய்த் திரும்ப ரீ-என்ட்ரி பெர்மிட் வேண்டும். வெளியே இருக்கும்போது அது காலாவதியானால் பிஆர் தகுதியே ஆட்டம் காணும். புதுப்பிக்கும்போது இங்கே வேலை, சம்பளம், சிபிஎஃப் (கட்டாயச் சேமிப்பு நிதி) எல்லாம் பார்ப்பார்கள். வேலையை விட்டுவிட்டு அங்கிருந்து புதுப்பிக்கக் கேட்பது பலவீனமான நிலை. அதனால் முதலில் பெர்மிட்டில் எத்தனை மாதம் பாக்கி என்று பாருங்கள். படிப்பு முடியும் தேதியோடு வேலை தேடும் காலத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.

இன்னொன்று. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அமெரிக்காவில் எச்-1பி1 என்ற வேலை விசாவில் ஆண்டுக்கு 5,400 இடம் தனியாக இருக்கிறது, குலுக்கல் தொல்லை இல்லை. பிஆருக்கு அது பொருந்தாது. இந்திய பாஸ்போர்ட் என்றால் மற்றவர்களோடு எச்-1பி குலுக்கல்தான். இங்கே குடியுரிமை உள்ள நண்பர் சொல்லும் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இங்கேயே படிப்பதாக இருந்தால் வரிசைதான் முக்கியம். கல்வி அமைச்சின் மானியத்தில் ஒரு பாடவழி முதுநிலை படித்தவருக்கு அதே நிலையில் இரண்டாவது மானியம் பொதுவாகக் கிடைக்காது. எம்பிஏ பெரும்பாலும் மானியமில்லாத, முழுக்கட்டணப் படிப்பு. ஆகவே மானியத்தைத் தொழில்நுட்பப் பட்டத்துக்குச் செலவழியுங்கள். பிஆருக்கு மானிய விகிதம் குடிமக்களைவிடக் குறைவு, கட்டண அட்டவணையில் பிஆர் வரிசையைத் தனியாகப் பாருங்கள். மானியமில்லாத கட்டணத்தின் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும்.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் (பயிற்சிக் கட்டணத்துக்கு அரசு தரும் தொகை) குடிமக்களுக்கு மட்டும், அதை உங்கள் பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள். படிப்புக் கட்டணத்துக்கு இருந்த 5,500 வெள்ளி வரிக்கழிவும் 2026 மதிப்பீட்டு ஆண்டு முதல் இல்லை. பழைய பதிவுகளில் அது இன்னும் இருக்கிறது, நம்பி பட்ஜெட் போடவேண்டாம்.

ஜூரோங்வாசி:

இருவருக்கும் நன்றி. பெர்மிட் முடிய 14 மாதம்தான் இருக்கிறது, அதனால் இங்கேயே படிப்பதாக வைத்துக்கொள்கிறேன். செல்வி அக்கா, எஸ்எம்யு (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) தரும் எம்ஐடிபி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கிளையான என்யுஎஸ்-ஐஎஸ்எஸ் தரும் எம்டெக், இந்த இரண்டு முதுநிலைப் படிப்புகளில் என் மாதிரி பி.காம் ஆளுக்கு எது? அதற்குப் பிறகும் எம்பிஏ வேண்டுமா?

டேபிள்_ஜாயின்:

குறுக்கே வருகிறேன். எம்ஐடிபியின் முழுப்பெயரே மாஸ்டர் ஆஃப் ஐடி இன் பிசினஸ். தொழில்நுட்பத்தை வணிகத்தோடு சேர்த்தே நடத்துவார்கள். அதன் மேல் எம்பிஏ போட்டால் ஒரே விஷயத்தை இரண்டு முறை கேட்கும் பாடங்கள் இருக்கும், டூயல் டிகிரி போல கிரெடிட் குறையும் என்று முன்கூட்டி எதிர்பார்க்கவும் முடியாது. ஐஎஸ்எஸ் எம்டெக்கை கிராஜுவேட் சர்டிபிகேட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிக்கலாம். முதல் சர்டிபிகேட்டிலேயே கோடிங் ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும், ஒத்துவராவிட்டால் நஷ்டமும் சிறியது. உங்கள் நிலையில் நான் அதைத்தான் சொல்வேன்.

பி.காம் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் டேட்டாபேஸ் பாடத்தில்தான். எஸ்கியூஎல்லில் செலக்ட் எழுதத் தெரிந்தவர் நார்மலைசேஷனில், அதாவது ஒரே தகவல் பல இடங்களில் வராதபடி அட்டவணைகளைப் பிரிப்பதில், நின்றுவிடுவார். ஒரு டெலிவரி ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பெயர், முகவரி, பொருள், எடை, லாரி எண் எல்லாம் ஒரே எக்செல் தாளில் இருக்கும். அதை மூன்றாம் நார்மல் ஃபார்ம் என்ற படி வரை நீங்களே பிரித்து, வரிசையை அடையாளம் காட்டும் பிரைமரி கீ, வேறு அட்டவணையோடு இணைக்கும் ஃபாரின் கீ போட்டு, போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரில் ஏற்றிப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளரின் முகவரி மாறினால் ஒரே ஒரு வரிசையை மட்டும் திருத்த முடிகிறதா? முடிந்தால் சரியாகப் பிரித்திருக்கிறீர்கள். ஆர்டர் அன்றைக்கு எந்த முகவரிக்குப் போனது என்பது அழியக்கூடாதே என்று அப்போது ஒரு சந்தேகம் வரும். வரவேண்டும். பேராசிரியர் கேட்கப்போகும் கேள்வி அது.

பைத்தானில் லூப், ஃபங்ஷன், ஃபைல் படித்தல், அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தில் குரூப்-பை, மெர்ஜ் வரை போதும். மெஷின் லேர்னிங் வீடியோக்களை இப்போதே பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்னொரு இடறல், முன்தேவைப் பாடங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் வைக்கப்படலாம். அதைத் தவறவிட்டால் அடுத்தடுத்த பாடங்களும் ஒரு வருடம் தள்ளிப்போகும். படிப்பின் இறுதியில் வரும் கேப்ஸ்டோன் புராஜெக்ட்டையும், ஆபீசில் பழைய சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்கு மாறும் ஆண்டிறுதி கட்-ஓவரையும் ஒரே மாதங்களில் வைக்காதீர்கள். லாஜிஸ்டிக்ஸில் அக்டோபர் முதல் டிசம்பர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

செங்காங்_செல்வி:

டேபிள்_ஜாயின் சொன்ன வரிசைக்கு என் ஓட்டும். எம்பிஏவை இப்போது முடிவு செய்யவே வேண்டாம். ஆட்களை நிர்வகிக்கும் பொறுப்பும் பட்ஜெட் கையெழுத்தும் வந்தபிறகு படித்தால் வகுப்பில் பேச உங்களிடம் சரக்கு இருக்கும், கம்பெனி செலவை ஏற்கும் வாய்ப்பும் கூடும். ஸ்பான்சர் வாங்கினால் பாண்டு (கம்பெனியிலேயே இருக்கவேண்டும் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம், நடுவில் விலகினால் முழுத்தொகையா, மீதி மாதங்களுக்கு மட்டுமா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கிரெடிட்_கணக்கன்:

எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு பற்றி யாரும் சொல்லவில்லையே. 2024 பிப்ரவரி முதல் புது வடிவம் மட்டும்தான். குவான்ட், வெர்பல், டேட்டா இன்சைட்ஸ் மூன்றுக்கும் 45 நிமிடம் வீதம் 2 மணி 15 நிமிடம், கட்டுரை கிடையாது. மதிப்பெண் 205 முதல் 805 வரை. புதிய 645 பழைய 700க்குச் சமம், அதனால் பழைய பதிவுகளில் 700 வேண்டும் என்று பார்த்துப் பயப்படாதீர்கள். மதிப்பெண் 5 வருடம் செல்லும். எம்டெக்கை மூன்று வருடம் இழுத்துப் படித்துவிட்டு எம்பிஏ போக எண்ணினால், தேர்வை இப்போது எழுதாமல் எம்டெக்கின் கடைசி வருடத்தில் எழுதுங்கள்.