முழுநாள் நிகழ்வு ஒரு நாள் முன்னதாகத் தெரிகிறது: உதவி தேவை

கேள்வி:
ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட ஒரு திறமூல நாட்காட்டி நிரலில் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். 2024 மார்ச் 15க்கு முழுநாள் நிகழ்வு சேர்த்தால், நியூயார்க் நேர மண்டலத்தில் அது 14ஆம் தேதிக் கட்டத்தில் போய் உட்காருகிறது. டோக்கியோவில் சரி. சேமித்த கோப்பில் ‘2024-03-15’ என்றுதான் இருக்கிறது. 4 மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். மார்ச் நிகழ்வு இடத்துக்கு வந்துவிட்டது. ஜனவரி நிகழ்வுகள் மட்டும் முந்தைய நாள் இரவு 11 மணியிலேயே நிற்கின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1:
மணி கூட்டும் வேலையை முதலில் நீக்குங்கள். யூடிசியிலிருந்து (உலகப் பொது நேரம்) நியூயார்க்கின் வித்தியாசம் கோடையில் 4 மணி, குளிரில் 5. தேதி மட்டும் உள்ள எழுத்துச் சரத்தை ஜாவாஸ்கிரிப்ட் யூடிசி நள்ளிரவு என்றே படிக்கும்; அது அங்கே முந்தைய நாள் இரவு 8 மணி. சரத்தைப் பிரித்து ஆண்டு, மாதம், நாள் என மூன்று எண்களாகக் கொடுங்கள்; அப்போது உள்ளூர் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். மாதம் 0இல் தொடங்கும், மார்ச்சுக்கு 2.

பதில் 2:
அப்படிச் செய்தால் நியூயார்க் சரியாகும், டோக்கியோ கெடும். சேமிக்கும்போது ஐஎஸ்ஓ சரமாக (யூடிசி நேரத்தில் எழுதும் தேதி வடிவம்) மாற்றுகிறீர்கள் அல்லவா? டோக்கியோவின் 15ஆம் தேதி நள்ளிரவு, யூடிசியில் 14ஆம் தேதி மாலை 3 மணி. கோப்பிலேயே 14 என்று பதிந்துவிடும். முழுநாள் நிகழ்வுக்கு மணியே கிடையாது. அதை நேரப் பொருளாக மாற்றாமல் தேதியாகவே கடைசிவரை கொண்டுபோங்கள். நாட்காட்டி நிரல்கள் நிகழ்வுகளைப் பரிமாறும் ஐகேலண்டர் வடிவத்தின் தரநிலையான ஆர்எஃப்சி 5545 தேதிக்கென்று தனி வகையே வைத்திருக்கிறது. நள்ளிரவை நம்பவும் முடியாது: 2018 நவம்பர் 4 அன்று சாவோ பாவ்லோவில் கடிகாரம் 12 மணியிலிருந்து நேராக 1 மணிக்குத் தாவியது.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், இரண்டு மண்டலங்களிலும் சரி. ஆனால் வேறு நிரலிலிருந்து இறக்கிய 15 முதல் 17 வரையிலான நிகழ்வு 18 வரை நீள்கிறது. நவம்பர் மாதக் காட்சியில் 3ஆம் தேதி இரண்டு முறை வருகிறது.

பதில் 2:
இரண்டும் வேறு வேறு பிழைகள். ஐகேலண்டர் கோப்பில் முடிவுத் தேதி நிகழ்வில் சேராது. 17இல் முடிவதற்கு 18 என்றுதான் எழுதியிருக்கும். வரையும்போது அதற்கு முந்தைய நாளில் நிறுத்துங்கள். இறக்கும்போதே ஒன்றைக் கழித்துவிட்டு, ஏற்றும்போது கூட்ட மறந்தால், ஒவ்வொரு பரிமாற்றத்திலும் நிகழ்வு ஒரு நாள் தேயும். அடுத்தது, 24 மணி நேரம் கூட்டி அடுத்த நாளுக்குப் போகிறீர்கள் போலும். நியூயார்க்கில் 2024 நவம்பர் 3க்கு 25 மணி நேரம். நாள் எண்ணைக் கூட்டுங்கள்.

பதில் 1:
டோக்கியோவைப் பற்றிச் சொன்னது சரி. அந்த நிரல் கோப்பைத் திறந்திருக்கும்போதே மாதாந்திர நிகழ்வையும் பாருங்கள். ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் 2024இல் மார்ச் 2 வரும். 31ஆம் தேதி இல்லாத மாதத்தைத் தாண்டிப் போகவேண்டும் என்பதே ஆர்எஃப்சி 5545இன் விதி. சோதனைகளை நியூயார்க், டோக்கியோ, சாவோ பாவ்லோ மூன்றிலும் ஓட்டிய பிறகு திருத்தத்தை அனுப்புங்கள்.