ஆபத்து வந்தால் எங்கே கூடுவது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறீர்களா? அன்று நடந்ததை எழுதுங்கள்

திருக்கடலூர் அக்கா

2012 ஏப்ரல் 11, சுமத்திராவில் 8.6 பூமியதிர்ச்சி அடித்த அன்று. வருசப்பிறப்புக்கு இரண்டு நாள்தான், சனமெல்லாம் கடைத்தெருவில். சுனாமி எச்சரிக்கை என்றதும் எல்லோரும் ஓட்டம்.

எங்கள் வீட்டில் பேச்சு இதுதான்: மகளை ரியூசனில் இருந்து நான் எடுப்பேன், இவர் நேரே திருகோணமலை டவுனில் மேடான உவர்மலைக்குப் போவார். நான் எடுத்துவிட்டேன். ஆனால் போன் ஒன்றும் போகவில்லை. நாங்கள் ஏற, எதிரே இவருடைய மோட்டார் சைக்கிள் இறங்குகிறது, கடல் பக்கம். டாங்கியின் மேல் வருசத்துக்கு எடுத்த உடுப்புப் பை. மகள் "அப்பா, அப்பா" என்று கத்துகிறாள். ஹெல்மெட்டுக்குள் எது கேட்கும்? எங்களைத் தேடித்தான் போகிறார், எங்களைத் தாண்டி.

அன்று கடல் வரவில்லை. இருட்டின பிறகு இவர் மலைக்கு வந்து சேர்ந்தார். "போன் எடுக்காவிட்டால் நான் என்ன நினைப்பது?" என்று என்மேல்தான் கோபம்! எனக்கு இன்றைக்கும் அந்தப் பைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

கிண்ணியா_மகன்

அக்கா, ஓரிடம் சொல்லி வைத்தால் போதாது. 2004 சுனாமி நேரம் கிண்ணியாவில் இருந்து டவுனுக்குப் பாலம் இல்லை, 2009இல்தான் திறந்தார்கள். வாப்பா காலையில் பாதையில், அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவையில், ஏறி டவுனுக்குப் போய்விட்டார். கடல் அடித்ததும் பாதை இல்லை, கிண்ணியா ஆஸ்பத்திரியும் இல்லை. நாங்கள் இந்தக் கரை, அவர் அந்தக் கரை.

தம்பலகாமம் பக்கமாகச் சுற்றி மறுநாள் வந்தார். பள்ளிவாசல் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து எண்ணினார். உம்மா ஒன்றும் பேசவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு இடம். கிண்ணியாவில் ஒன்று, டவுன் பக்கம் ஒன்று. பாலம் மூடினால் அந்தந்தக் கரையில் இருக்கிறவர் அந்தந்தக் கரையிலேயே நிற்க வேண்டும்.

நிலாவெளி மாஸ்டர்

தங்கச்சி, கணவரைக் குறை சொல்லாதீர்கள். எந்தத் தகப்பனும் இறங்கித்தான் போவான்.

எங்கள் கதை சின்னது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்களுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியபோது, சுனாமிக்குப் பேசி வைத்தபடி மேட்டுக்குப் போவோம் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். புயலில் மேட்டுக்கு, அதுவும் தகரக் கூரை வீட்டுக்கு! ஒருமாதிரி மறித்து, பக்கத்தில் சீமெந்துத் தட்டுப் போட்ட வீட்டில் படுக்க வைத்தோம்.

ஆகவே, சுனாமிக்கு மேடு, புயலுக்கு உறுதியான கட்டடம், வெள்ளத்துக்குத் தண்ணீர் ஏறுமுன் வெளிக்கிடுவது. மூன்றும் மூன்று. சுமத்திரா தூரம் என்பதால் எங்களுக்கு நிலம் ஆடுவது தெரியாமலே போகலாம், கடல் உள்வாங்குகிறதா என்று பார்த்து நிற்கவும் கூடாது. அறிவித்தல் வந்தால் நடக்க வேண்டியதுதான். முதல் அலை போனதும் சாமான் பார்க்கத் திரும்பாதீர்கள், பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே பொலித்தீன் பையில், படலைக்குக் கிட்ட இருக்கட்டும், அலுமாரிக்கு மேல் அல்ல. வவுனியாவிலோ கொழும்பிலோ ஒரு சொந்தக்காரரின் நம்பரைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்குங்கள். எல்லோரும் அவருக்குக் குறுஞ்செய்தி போடட்டும், கோல் போகாத நேரத்திலும் அது சிலவேளை போகும். இடர் முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. கடல் தண்ணீர் புகுந்த கிணற்றை அவசரப்பட்டு மோட்டார் வைத்து இறைக்காதீர்கள், அடியில் இருந்து உப்புத்தான் ஏறும்.

கிண்ணியா_மகன்

மாஸ்டர், கிணறு பற்றி இங்கே யார் கேட்டது?

திருக்கடலூர் அக்கா

குறை சொல்லவில்லை மாஸ்டர். தகப்பன் இறங்குவான் என்றால், அதையும் சேர்த்துத்தானே பேசி வைக்க வேண்டும்? இப்போது எங்கள் வீட்டில், பிள்ளையை எடுத்தவர் ரியூசன் மதிலில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுவிட்டுப் போவது. கோட்டைக் கண்டால் மற்றவர் உடனே திரும்ப வேண்டும். அவ்வளவுதான், போன் வேண்டாம்.

எனக்கு இப்போது வேறு யோசனை. மாமிக்கு நடக்க ஏலாது. பக்கத்து வீட்டு ஓட்டோத் தம்பியிடம் கதைத்து வைத்திருக்கிறோம், ஆனால் அவர் விடியப்புறம் மீன் ஏற்றப் போய்விடுவார். அந்த நேரத்துக்கு ஆள் வேண்டும். கோணேசர் கோயிலடிப் பக்கம் ஓட்டோ ஓடுகிற யாரும் இதைப் பார்த்தால் சொல்லுங்கள்.