அந்தியில் அடையும் மைனாக் கூட்டத்தை எப்படி எண்ணுகிறீர்கள்?

வணக்கம். கோவை சிங்காநல்லூர் குளக்கரையில் வாரந்தோறும் பறவை பார்த்து, பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இணையதளமான இபேர்டில் பட்டியல் போட்டு வருகிறேன். நாமக்கோழி, முக்குளிப்பான், சிறிய நீர்க்காகம் என்று பாதிக்கு மேல் பழகிய முகங்கள்தான். ஆனாலும் அலுக்கவில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தானே எது புதிதாக வந்தது, எது காணாமல் போனது என்று தெரியும்! மழைக்காலம் முடிவதற்குள் வாலாட்டிகள் வந்து சேர்ந்துவிட்டால் எனக்கு அன்றைக்குக் காபிகூட வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தியில் மைனாக்கள் மரத்தில் அடையும்போது எண்ணிக்கை கைநழுவிப் போகிறது. எண்ணாமல், பறவை இருந்தது என்று மட்டும் காட்ட 'எக்ஸ்' என்று போட இபேர்ட் அனுமதிக்கிறது, ஆனால் அதில் எனக்குத் திருப்தியில்லை. பத்துப் பத்தாக மனதில் கட்டம் போட்டு எண்ணுவதா, படம் எடுத்து வீட்டில் எண்ணுவதா? வந்துகொண்டே இருப்பவற்றை எப்படிச் சேர்ப்பது?

அப்புறம், புதருக்குள்ளிருந்து 'செக்... செக்' என்று ஒரு குரல். பிளித் நாணல் கதிர்க்குருவி என்றுதான் நினைக்கிறேன். ஆள் வெளியே வருவதே இல்லை. குரலை மட்டும் வைத்து உறுதிசெய்பவர்கள் வேறு எந்தக் குரலோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருவதற்குள் பழகிவிட வேண்டும்.